பிடிக்க வராத மாசம்

மகள் கல்யாணத்துக்கு நாள் பார்க்கக் கிளம்பிய இருதயராஜ், பங்குச் சாமியாரிடம் போவதற்கு முன்னால் ஏட்டு சீனுவாசனைத் தேடிப் போனார். ஸ்டேஷனுக்கு எதிரே டீக்கடையில் ஏட்டு நின்றுகொண்டிருந்தார். டீக்கடை வாசலில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. இருதயராஜ் கழற்றினார்.

“ஐயா, ஜூன் மாசம் எப்டிங்கய்யா இருக்கும்?”

வேறு யாராவது கேட்டிருந்தால் மழையைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று ஏட்டு நினைத்திருப்பார். கேட்டது இருதயராஜ் என்பதால் உடனே புரிந்தது.

“ஜூன்ல இன்னாப்பா இருக்கு? பண்டிகை கிடையாது, எலெக்‌ஷன் கிடையாது. கொடியேத்துறதும் ஆகஸ்ட்லதான். ஏன், இன்னா விசேஷம்?”

“பொண்ணுக்குக் கல்யாணங்கய்யா.”

ஏட்டு கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப தைரியமா வையி. ஜூன்ல எவனும் உன்னத் தேடிக்கினு வரமாட்டான்.”

திண்டிவனத்துக்குக் கிழக்கே புளியந்தாங்கல் காலனி. அங்கே ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி இருபது முப்பது வீடுகள். யாருக்கும் சொந்தமாக நிலம் கிடையாது. இருதயராஜும் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர்தான். வாலிபத்தில் பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் பாண்டிச்சேரியிலிருந்து பாட்டில் வாங்கிவந்து விற்றுக்கொண்டிருந்தான். அங்கே விலை குறைவு, இங்கே விலை அதிகம், நடுவில் ஒரு செக்போஸ்ட். “பையைத் தூக்கிக்கினு பஸ்ல வந்தா போதும்டா” என்றான். இருதயராஜ் ஒரு மழைக்காலம் முழுக்கத் தூக்கிக்கொண்டு வந்தார். தை பிறப்பதற்குள் பிடிபட்டார். சில நாள் உள்ளே இருந்துவிட்டு வந்ததும் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார், பாட்டிலைத் தொடுவதை விட்டார். பொன்னியைக் கட்டிக்கொண்டார். திண்டிவனத்தில் விவசாயிகள் விளைச்சலைக் கொண்டுவந்து கொட்டி விற்கிற கூடத்துக்குக் கமிட்டி என்று பேர். அங்கே மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கப் போனார். முதுகு வளைந்தது. தலைமுடி நரைத்தது. ஸ்டேஷனில் மட்டும் அவர் இன்னும் பாட்டில் இருதயராஜ்தான்.

பாட்டிலை விட்டபிறகு முதல் தடவை வந்து பிடித்துக்கொண்டு போனபோது அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம். கடைத்தெருவில் கூட்டம் நெரிந்தது, பர்ஸ் அடிக்கிறார்கள், செயின் அறுக்கிறார்கள் என்று புகார்மேல் புகார். மேலே இருந்து எத்தனை பேரை உள்ளே வைத்தாய் என்று போன்மேல் போன். அறுத்தவன் எங்கே இருக்கிறானோ யாருக்குத் தெரியும்? இருதயராஜ் எங்கே இருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். பகலில் கமிட்டி, சாயந்தரம் வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயில். அவர் ஒருநாளும் ஓடினதில்லை. சீக்கிரம் அகப்படுகிறவர் என்பதுதான் அவர்மேல் இருந்த ஒரே குற்றம்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. தீபாவளி முடிந்தால் டிசம்பர். புதுவருஷத்துக்குப் பாண்டிச்சேரி போகிற வண்டியும் திரும்புகிற பாட்டிலும் சேர்ந்து ரோட்டில் ஒரே கெடுபிடி. வருஷக் கணக்கை முடிப்பதற்குள் வழக்கு எண்ணிக்கை குறைந்திருந்தால் அதையும் நிரப்பியாக வேண்டும். பொங்கல் வந்தால் மஞ்சுவிரட்டு, சண்டை, காணும் பொங்கல் கூட்டம். சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் முன்னெச்சரிக்கை. ஓட்டுப் போடுகிற வருஷமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். சித்திரை வெயிலில் ஜனங்கள் மொட்டை மாடியில் படுப்பார்கள், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போவார்கள், திருட்டு நடக்கும். சில தடவை இரண்டு நாள் உட்கார வைத்து அனுப்பினார்கள். சில தடவை பாட்டிலை எடுத்து எதிரே வைத்துப் படம் பிடித்து ரிமாண்டுக்கு அனுப்பினார்கள். யாரும் பெரிதாக அடித்ததில்லை. “வாய்யா, போலாம்” என்பார்கள், பக்கத்துக் கடைக்குக் கூப்பிடுகிறது மாதிரி.

தீபாவளி அவர்களுடைய பண்டிகை இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் தீபாவளியை நினைத்துக்கொண்டிருந்த அளவுக்கு அந்தத் தெருவில் வேறு யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரே மகள் அன்புச்செல்வி. ஏழாவது படிக்கும்போது, ஸ்கூல் விட்டு வருகிற வழியில் ஜீப்பின் பின்னால் அப்பா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கூட வந்த பிள்ளைகளும் பார்த்தார்கள். அவள் பார்க்காததுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் திருப்பிக்கொண்டதை இருதயராஜ் பார்த்தார். அன்றிலிருந்து ஏட்டுவிடம் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். “தெருவுக்கு மட்டும் வராதீங்கய்யா. ஒரு போன் அடிங்க, நானே வந்து உக்காந்துக்கிறேன்.” சீனுவாசன் அந்த ஸ்டேஷனில் இருந்ததால் அப்படித்தான் நடந்தது. போன் வந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு, கமிட்டியில் லோடு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். அன்பு புத்தகத்திலிருந்து தலையை எடுக்கமாட்டாள். அப்பா பெங்களூரில் வேலை செய்வதாக அவள் வகுப்பில் சொல்லி வைத்திருந்தாள் என்பது அவருக்குத் தெரியும். பொன்னியிடம்கூட அதை அவர் சொன்னதில்லை.

அவள் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்து விழுப்புரத்தில் ஒரு தனியார் லேபில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் சேரன் என்கிற பையன் பழக்கமானான். பைக் மெக்கானிக். அவன் அம்மா கண்டிப்பானவள், ஆனால் பெண்ணைப் பிடித்துப்போனது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு மூட்டை தூக்குகிறார் என்று அன்பு சொன்னாள். மீதியைச் சேரனிடம் மட்டும் தனியாகச் சொன்னாள். “அதுக்கு இன்னா இப்ப?” என்றானாம் அவன்.

தவக்காலத்தில் கோயிலில் கல்யாணம் நடக்காது. ஈஸ்டர் முடிந்து மே மாதம் வைக்கலாம் என்றாள் பொன்னி. இருதயராஜ் ஜூன் என்று ஒரே பிடியாக நின்றார். மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். தன் பேரைச் சாமியார் மரியாதையோடு வாசிக்க, ஜனங்கள் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது அவருக்குப் புதிதாக இருந்தது. பேரைச் சத்தமாக வாசித்தால் எழுந்து நிற்பது கோர்ட்டில் பழகிய பழக்கம். கோயிலிலும் பாதி எழுந்துவிட்டார். பொன்னி சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

இருந்தும் மனம் ஆறவில்லை. கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனார். புது எஸ்.ஐ. ஒருவர் வந்திருந்தார், சின்ன வயசு.

“ஐயா, எம்மேல ஏதாச்சும் கேசு போடறதா இருந்தா இப்பவே போட்டுருங்கய்யா. அதுக்குள்ள ஜாமீன்ல வந்துருவேன்.”

எஸ்.ஐ. முதலில் முழித்தார். சீனுவாசன் விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். “பெரியவரே, கைது பண்ணச் சொல்லிக் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். போய்க் கல்யாணத்தப் பாருங்க.”

இருதயராஜும் சிரித்தார். வீட்டுக்கு வருகிற வழியில் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் டிவியில் செய்தி ஓடியது. எங்கேயோ ஒரு ஊரில் விஷச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் செத்துப்போயிருந்தார்கள். மத்தியானத்துக்குள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பந்தல்காரனோடு குழல்விளக்கு கட்டிக்கொண்டிருந்த இருதயராஜ், டிவி பக்கம் வந்து நின்று பார்த்தார். “பாவம்” என்றாள் பொன்னி. அவர் கையிலிருந்த ஒயரை விட்டுவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஏட்டுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை.

சாயந்தரம் ரிசப்ஷன். விழுப்புரத்திலிருந்து வேனில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். அன்பு ரோஸ் கலர் புடவையில் மேடையில் நின்றாள். இருதயராஜ் புது வேட்டி, புதுச் சட்டையோடு சம்பந்தியம்மாளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஜீப் வந்தது. அவருக்குத் தெரிந்த ஜீப் இல்லை. விஷச் சாராயச் சாவு நடந்ததும் பழைய ஆட்களை எல்லாம் அள்ளச் சொல்லி வெளியூரிலிருந்து அனுப்பிய தனிப்படை. அவர்களுக்கு இருதயராஜையும் தெரியாது, தெருவுக்கு வராதீர்கள் என்று அவர் கேட்டுக்கொண்டதும் தெரியாது.

“இங்க பாட்டில் இருதயராஜ் யாரு?”

பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

“நான்தாங்க.” நாற்காலியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். “ஐயா, பொண்ணுக்கு விடிஞ்சா கல்யாணங்க. தாலி ஏறின உடனே நானே வந்துர்றேங்கய்யா. கோயில் இதோ, தெரு முனைலதான் இருக்குது.”

“அங்க அத்தினி பேரு செத்துக் கெடக்குறான், உனக்குக் கல்யாணமா? ஏறு.”

பொன்னி ஓடிவந்து காலில் விழுந்தாள். காலனி ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள், சத்தம் எழுந்தது. சண்டை வந்தால் கல்யாணமே நின்றுவிடும் என்று இருதயராஜுக்குத் தோன்றியது. இரண்டு கையையும் தூக்கி எல்லோரையும் அடக்கினார். “உடுங்கப்பா, ஒண்ணுமில்ல, நான் போய்ட்டு வர்றேன். வந்தவங்கள சாப்புட வைங்க.” மேடையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தார், பார்த்துவிட்டார். அன்பு இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் தேவலாம்போல இருந்தது அவருக்கு.

கல்யாணம் நின்றுபோகவில்லை. சேரனின் அம்மா வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டதாகவும், அவன் தனியாகப் போய் வெகுநேரம் பேசி இறக்கிக் கூட்டிவந்ததாகவும், காலையில் பொன்னியின் அண்ணன் பெண்ணைக் கையைப் பிடித்துப் பீடம் வரை நடத்திச் சென்றதாகவும் பொன்னி சிறைக்கு மனு போட்டுப் பார்க்க வந்தபோது சொன்னாள். கம்பிக்கு அந்தப் பக்கம் வேட்டி மடிப்பில் கறையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். ரிசப்ஷனுக்குக் கட்டின அதே வேட்டி.

“பிரியாணி எல்லாருக்கும் பத்துச்சா?” என்று கேட்டார்.

“மீந்துபோச்சு. யாரும் சரியா சாப்புடல.”

ஜாமீன் கிடைக்க ஆடி முடிய வேண்டியிருந்தது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கமிட்டிக்குப் போவதற்குள் லோடு இறங்கி முடிந்திருக்கும். அப்புறம் அவர்களாகவே கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ஏட்டு சீனுவாசன் ஒருநாள் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, “அன்னிக்கு நான் கோர்ட் டூட்டிப்பா. இருந்திருந்தா...” என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. “உங்கமேல இன்னாங்கய்யா இருக்குது” என்று சொல்லிவிட்டு இருதயராஜ் கையெழுத்துப் போட்டார்.

மகள் வீட்டுக்கு அவர் போகவில்லை. சம்பந்தியம்மாள் வேண்டாம் என்று சொன்னதாக யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அன்பு அம்மாவுக்குப் போன் பண்ணுவாள். “அப்பா நல்லா இருக்குதா?” என்று கேட்பாள். “பக்கத்துலதான் இருக்குது, பேசறியா?” என்றால், “அப்புறம் பேசறம்மா” என்பாள்.

டிசம்பரில் பண்ணின போனில் அவளே சொன்னாள். தலைக் கிறிஸ்துமஸுக்குச் சேரனும் அவளும் வருகிறார்களாம். மாமியார் சரி என்றுவிட்டாளாம். பொன்னி அன்றைக்கே சுண்ணாம்பு வாங்கிவந்து சுவருக்குப் பூசத் தொடங்கினாள். இருதயராஜ் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொன்னி, நான் இங்க இருக்கக் கூடாது.”

“இன்னா சொல்ற?”

“டிசம்பரு. புது எஸ்.ஐ. போன் அடிப்பாரா, வீட்டுக்கு வருவாரான்னு தெரியாது. மாப்புள சோத்துல கைய வெக்கிறப்ப ஜீப்பு வந்து நின்னா?”

கையெழுத்துப் போடுகிற நிபந்தனை கார்த்திகையிலேயே முடிந்திருந்தது. செஞ்சிக்குத் தெற்கே அனந்தபுரம் பக்கம் கரும்பு வெட்டு ஆரம்பித்திருப்பதாகக் கேள்வி. அங்கே அவரைத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. பொன்னி பிரஷ்ஷைப் போட்டுவிட்டு அழுதாள், சண்டை போட்டாள். கடைசியில் ஒரு போர்வையை மடித்துக் கொடுத்தாள்.

கரும்புத் தோட்டத்தில் கூலி ஆட்கள் நல்ல மாதிரி. கிறிஸ்துமஸ் அன்று வெட்டு கிடையாது, லாரி வரவில்லை. இருதயராஜ் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அனந்தபுரத்துக்கு நடந்தார். கோயில் எங்கே என்று விசாரித்தவர், பஸ் நிறுத்தத்தில் திண்டிவனம் பக்கம் போகிற பஸ் நின்றிருப்பதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டார். காலனி முனை வரைக்கும் போய், ஒளிந்திருந்து ஒரு தரம் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாமா? அந்த பஸ் போய்விட்டது. அடுத்ததும் போனது. ஏறவும் மனம் இல்லை, திரும்பவும் மனம் இல்லை, உட்கார்ந்தே இருந்தார்.

பண்டிகை பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரன் ஒருவன் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தான்.

“எந்த ஊரு நீ? அப்பலேர்ந்து பாக்கறேன், எந்த பஸ்லயும் ஏறல. இங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?”

இருதயராஜ் எழுந்து நின்றார், செருப்பைக் கழற்றினார். மகளைப் பார்க்கப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? போலீஸ்காரன் செல்போனைத் தூக்கி அவர் முகத்தைப் படம் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் அந்தப் போனிலேயே அவருடைய பழைய கேசெல்லாம் வந்து விழுந்தது. ஊர்விட்டு ஊர் வந்து சந்தேகப்படும்படி உட்கார்ந்திருந்த பழைய குற்றவாளி. அதற்குமேல் என்ன வேண்டும்?

ஸ்டேஷனில் வீட்டு நம்பர் கேட்டார்கள். “யாருமில்லீங்க” என்றார். இரண்டு தடவை கேட்டும் அதையே சொன்னார். அவருடைய ஊர் ஸ்டேஷனுக்குப் போன் போட்டு விசாரித்தார்கள். அங்கே எடுத்தது சீனுவாசன். வீட்டுக்குத் தகவல் சொல்லி ஆளை அனுப்புகிறேன் என்று எதிர்முனையில் அவர் கெஞ்சுகிற குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

வெயில் சாய்கிற நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. இருதயராஜ் தலையைத் தூக்கவில்லை. கொலுசுச் சத்தம் கேட்டபிறகுதான் தூக்கினார். அன்பு, பட்டுப்புடவையோடு, தலையெல்லாம் காற்றில் கலைந்து. இதுநாள் வரை அவள் எந்த ஸ்டேஷன் படியையும் மிதித்ததில்லை.

“யாரும்மா நீ?” என்றார் அங்கே இருந்த அதிகாரி.

“இவரு பொண்ணு சார்.”

“யாருமில்லன்னாரே. இவரு மேல இத்தினி கேசு இருக்குது, தெரியுமா?”

“தெரியும் சார்.” மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “சின்ன வயசுலேர்ந்து தெரியும். எங்க அப்பா இன்னிக்கு இங்க வந்தது என்னாலதான். நான் வீட்டுக்கு வர்றேன்னுதான் இவரு இங்க வந்துட்டாரு. கூட்டிக்கினு போறேன் சார்.”

அதிகாரி அவள் புடவையைப் பார்த்தார், வாசலில் ஹெல்மெட்டோடு நின்ற சேரனைப் பார்த்தார். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

எதிரே ஒரு கடையில் சேரன் டீ சொன்னான். “மாமா, உக்காருங்க” என்றான். அதற்குமேல் என்ன பேசுவதென்று அவனுக்கும் தெரியவில்லை, வண்டிக்குக் காற்று அடிக்கிறேன் என்று நகர்ந்துபோனான். அன்பு பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்தாள். பொன்னி கட்டிக்கொடுத்த பிரியாணி.

“சாப்புடுப்பா.”

அவர் ஒரு வாய் எடுத்தார். புரையேறியது. அன்பு அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அப்படி அவள் தொட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது.

“வீட்டுக்கு வா. அம்மா அழுதுக்கினு இருக்குது.”

“புதுவருஷம் தாண்டட்டும்மா. நீங்க ரெண்டு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போங்க.”

“நீ இல்லாம இன்னா நிம்மதி?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்கிட்ட நேர்ல சொல்லலாம்னுதாம்பா வந்தேன். போன்ல சொல்ல வேணாம்னு இருந்தேன். நீ தாத்தாவாகப் போற” என்றாள்.

இருதயராஜ் அவளைப் பார்த்தார். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. எச்சில் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அவள் தலையில் வைத்தார். “மாதாவே” என்றார். “எப்பம்மா?”

“ஆகஸ்ட்டுன்னு சொல்றாங்க.”

தலையில் வைத்த கை அப்படியே நின்றது.

“ஆகஸ்ட்டா?” என்றார். கொஞ்சம் யோசித்தார். “பதினஞ்சுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?”

அன்புக்கு முதலில் புரியவில்லை. டாக்டர் சொன்ன தேதியை யோசித்து வாயைத் திறந்தாள். அப்புறம்தான் அவர் எதற்குக் கேட்கிறார் என்று விளங்கியது. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கடை ஆட்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அவர் பயந்துபோய், “அழாதம்மா, இந்த நேரத்துல அழக்கூடாது, நான் சும்மாதான் கேட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர்களோடு அவர் போகவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இருட்டுவதற்குள் ஊர் சேருங்கள் என்று வற்புறுத்தி அனுப்பினார். வண்டி செஞ்சி ரோட்டில் திரும்பும்வரை அன்பு பின்னால் பார்த்துக்கொண்டே போனாள். அவர் மிச்சப் பிரியாணியை மூடி கையில் எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தின் பக்கம் போகாமல், வயல்வழியாகக் கரும்புத் தோட்டத்துக்கு நடந்தார்.